செவ்வாய்க்கிழமைச் சர்க்கரை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
12.2.2025, புதன்

அன்புள்ள தங்கை அகிலாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு நீ கொண்டுவந்து கொடுத்த சர்க்கரை பார்க்கும் மெஷின் என்னைப் பயமுறுத்துகிறது.

நீ சொல்லிக் கொடுத்தபடி தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் குத்தி, மெஷினில் செருகுகிற பட்டையில் ரத்தம் வைத்து, வருகிற எண்ணைக் காலண்டரில் எழுதி வைக்கிறேன். சனி 139. ஞாயிறு 151. திங்கள் 144. நேற்று, செவ்வாய், 372. கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தேன், அதேதான். அதற்கு முந்தைய செவ்வாய் 341. இன்று மறுபடியும் 147. ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்க இது என்ன பாலாற்று வெள்ளமா?

மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஆரம்பித்தபோது டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வழக்கமாகப் பத்து யூனிட். எண் முந்நூறைத் தாண்டினால் நான்கு கூட்ட வேண்டும், முந்நூற்றைம்பதைத் தாண்டினால் ஆறு. நேற்று பதினாறு போட்டேன். பயத்தில் சோறு இறங்கவில்லை. இரண்டு கரண்டி தயிர்சாதத்தை விழுங்கிவிட்டுத் தறியில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கை நடுங்க ஆரம்பித்தது. ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைப் பிடிக்க முடியவில்லை. பனியன் தொப்பலாக நனைந்துவிட்டது. சர்க்கரை தலைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நல்ல வேளையாக எதிர்வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற ஏஞ்சல் நூல்கண்டு கேட்டு வந்தாள். "இன்னாண்ணா, இப்டி வேர்த்துக்கினு இருக்குது உங்களுக்கு? மொதல்ல இத்த குடிங்க" என்று அவள் வீட்டு டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை போட்ட டீ. வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை, குடித்துவிட்டேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. சர்க்கரைக்காரன் டீ குடித்ததையும் மறைக்காமல் எழுதிவிட்டேன், திட்டுவதென்றால் திட்டு.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். தறிக்குழிக்குள் மிதிக்க இரண்டு கால் வேண்டும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அம்சவேணிக்கு எதுவும் தெரியக் கூடாது. கலைவாணி பிரசவம் வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள உன் அண்ணி வாலாஜாபாத்தில் இருக்கிறாள். இதைக் கேட்டால் மகளை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள். நீ போனும் பண்ணாதே. என் மந்தக் காதுக்கு நீ அங்கே கத்த வேண்டும், ஏஞ்சல் அதை இங்கே திருப்பிக் கத்த வேண்டும், தெருவே கேட்கும். எழுதிப் போடு.

மெஷினில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை எழுது. நிம்மதியாக இருக்கும்.

உன் அண்ணன்,
மயில்வாகனம்


ஓசூர்
15.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை என்னால் எழுத முடியாது. மெஷினில் கோளாறு இல்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பட்டைகளின் தரம் பார்ப்பதுதான் என் வேலை. உனக்குக் கொடுத்ததும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டிதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீ இப்படிக் கேட்க மாட்டாய். பட்டையின் நுனியில் ஒரு நொதியை மெலிதாகப் பூசிக் காயவைத்திருக்கிறோம். உயிரினத்திலிருந்து எடுத்த பொருள், அதனால்தான் இந்த வகைக்கு பயோசென்சர் என்று பெயர். உன் தறியின் ஜக்கார்டு அட்டையில் துளை இருக்கிற இடத்தில் மட்டும் ஊசி நுழைவது போல, அந்த நொதியிடம் குளுக்கோஸ் மட்டும்தான் சேரும். உப்பு, காரம், புளிப்பு எதையும் அது திரும்பிப் பார்க்காது. குளுக்கோஸ் வந்து சேர்ந்ததும் அதை மாற்றும், அப்போது துளியளவு மின்சாரம் உண்டாகும். சர்க்கரை அதிகமானால் மின்சாரமும் அதிகம். மெஷின் அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

இதே வித்தையைத்தான் எங்கள் அடுத்த கட்டடத்தில் பால் பண்ணைகளுக்குச் செய்கிறார்கள். மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் கலந்திருந்தால் பட்டை காட்டிக்கொடுத்துவிடும். காய்கறியில் பூச்சிமருந்து பார்க்க ஒன்று இருக்கிறது. சாயப்பட்டறைத் தண்ணீருக்கு ஒளிவிடுகிற பாக்டீரியாவை வைத்து ஒன்று, தண்ணீரில் விஷம் இருந்தால் அதன் வெளிச்சம் மங்கிப்போகும். பால்காரரும் சாயப்பட்டறைக்காரரும் முதலில் உன்னைப் போலத்தான் சொல்வார்கள், மெஷின் பொய் சொல்கிறது என்று. கடைசியில் பார்த்தால் பொய் வேறு இடத்தில் இருக்கும்.

சரி, கேட்டுவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை என்ன நாள்? தெரு முருகன் கோயிலில் அபிஷேக நாள். இந்த மாத ஆரம்பத்தில் கோதண்டபாணி மாமா இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து பஞ்சாமிர்தம் பிசைவது யார்? நீ. சின்ன வயதில் பிசைகிற பாத்திரத்தையே வழித்துத் தின்றது யார்? அதுவும் நீதான். வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை, கற்கண்டு. 372 வராமல் என்ன வரும்?

நடுக்கத்தைப் பற்றியும் யோசித்தேன். சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் நடுங்கும், வேர்க்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் 372 இருக்கிற உடம்பில் ஒரு மணி நேரத்தில் குறைவு எங்கிருந்து வரும்? அது பயம். அடுத்த தடவை நடுங்கினால் டீயைக் குடித்துத் தொலைக்காதே. உன் உடம்பு சொல்வதை நம்பாதே, எண்ணை நம்பு.

அப்பா சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன் அண்ணா. அழுகிய காலின் அந்த வாசனையை இன்னொரு தரம் தாங்க என்னால் முடியாது. ஒரு வாய்ப் பிரசாதம் சாப்பிட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அகிலா


காஞ்சிபுரம்
19.2.2025

அகிலாவுக்கு,

நான் சாப்பிடவில்லை.

பிசைகிறேன், அபிஷேகம் ஆனதும் எல்லோருக்கும் கையால் எடுத்துக் கொடுக்கிறேன். வாயில் வைப்பதில்லை. தை பிறந்த அன்று அந்த முருகன் எதிரிலேயே சத்தியம் செய்தேன். என் பங்கை அங்கேயே ஏதாவது ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

நேற்று காலையில் இரண்டு இட்லி. அதற்குப் பிறகு தண்ணீர். பன்னிரண்டரைக்கு வந்த எண் 358. பதினாறு யூனிட் போட்டேன். இரண்டு மணிக்கு நடுக்கம் வந்தது. பாவில் இருக்கிற இழை எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. உன் பேச்சைக் கேட்டு டீ குடிக்கவில்லை. பசி என்றால் அப்படி ஒரு பசி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எதையும் தொடக் கூடாது என்று இரண்டு கையையும் துண்டால் கட்டிக்கொண்டேன். நாலு மணிக்குமேல்தான் கண் தெளிந்தது.

வீட்டிலிருந்த சர்க்கரை டப்பா, வெல்ல டப்பா இரண்டையும் ஏஞ்சல் வீட்டில் கொடுத்துவிட்டேன். நானே கேட்டாலும் தராதே என்று சொல்லியிருக்கிறேன்.

நீ என்னைப் பொய்யன் என்றுவிட்டாய். நாற்பத்தாறு வருஷம் கூடப் பிறந்தவனைவிட மூன்று விரல் அகலப் பெட்டி உனக்கு உசத்தியாகிவிட்டது. இனி எண்களை உனக்கு எழுத மாட்டேன்.

மயில்வாகனம்


ஓசூர்
22.2.2025

அண்ணாவுக்கு,

சாப்பிடாதவர் எதற்கு டப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைக்கச் சொல்ல வேண்டும்? கையை எதற்குக் கட்டிக்கொள்ள வேண்டும்? உன் கடிதமே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது. நான் அதற்குமேல் கேட்கப் போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, சண்டை போடுகிற நிலையில் நான் இல்லை.

ஒன்றை மட்டும் செய். செவ்வாய்க்கிழமை என்ன எண் வந்தாலும் சீட்டில் இருக்கிற அளவு ஊசியைப் போட்டுவிடு. என்மேல் இருக்கிற கோபத்தில் அதை விட்டுவிடாதே. அதை விட்டால்தான் கால் போகும்.

அகிலா


காஞ்சிபுரம்
26.2.2025

அகிலாவுக்கு,

ஏஞ்சல் உனக்குப் போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். பதறிக்கொண்டு பஸ் ஏறிவிடாதே. நான் வீட்டில்தான் இருக்கிறேன், இதை நானேதான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் காரணம், கையில் ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறது.

நேற்று உன் கடிதமும் செவ்வாய்க்கிழமையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கோயிலிலிருந்து வந்து பார்த்தால் 386. இதுவரை வராத எண். நீ சொன்னபடியே பதினாறு யூனிட் போட்டேன். சோறு கொஞ்சம்தான் சாப்பிட்டேன், அதிகம் சாப்பிட்டால் இன்னும் ஏறுமே என்று. தறியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி விளக்குதான் ஞாபகம் இருக்கிறது.

தறிச் சத்தம் நின்றுபோய் வெகுநேரமாகியும் நான் வெளியே வரவில்லை என்று ஏஞ்சல் எட்டிப் பார்த்திருக்கிறாள். குழிக்குள் சரிந்து கிடந்தேனாம். நெற்றி, நெய்த துணி சுற்றுகிற படுமரத்தில் இடித்து ரத்தம். ஷேர் ஆட்டோவை நிறுத்தி, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால் முப்பத்தெட்டு. முந்நூற்று முப்பத்தெட்டு இல்லை, வெறும் முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். "ஏன் சார் இவ்ளோ யூனிட் போட்டீங்க?" என்று திட்டினார். மெஷின் சொன்னது, தங்கை சொன்னாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இனி அந்த மெஷினைத் தொட மாட்டேன். ஊசியையும் இன்று போடவில்லை, நாளைக்கும் போடப்போவதில்லை. போட்டால் முப்பத்தெட்டில் சாவு, போடாவிட்டால் கால் அழுகிச் சாவு. இரண்டாவது கொஞ்சம் மெதுவாக வரும். அதற்குள் கலைவாணிக்குக் குழந்தை பிறந்துவிடும், பார்த்துவிடுவேன்.

அம்சவேணிக்கு நிலைப்படியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ வராதே. வந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

மயில்வாகனம்


ஓசூர்
28.2.2025

அண்ணா,

ஏஞ்சல் எல்லாம் சொல்லிவிட்டாள். அவளிடம் இரண்டு விஷயம் போனிலேயே சொல்லிவிட்டேன். நீ முதலில் அவளோடு டாக்டரிடம் போக வேண்டும், ஊசியை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. அந்தச் சீட்டில் இருக்கிற கூடுதல் யூனிட் மட்டும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். மற்றதை அவளை வைத்துக் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன். முழுவதும் படி. கோபத்தில் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

386, இரண்டு மணி நேரத்தில் 38. ஆறு யூனிட் அதிகமாகப் போட்டால் உடம்பில் இவ்வளவு இறங்காது. ஒன்று அந்த எண் தப்பு, இல்லை இந்த எண் தப்பு. நீ விழுந்து கிடந்தது நிஜம், அதனால் 38 நிஜம். நேற்று வேலைக்கு வந்ததும் உனக்குக் கொடுத்த பெட்டியின் அதே வரிசைப் பட்டைகளைக் கிடங்கிலிருந்து எடுத்தேன். அளவு தெரிந்த சர்க்கரைத் தண்ணீரை வைத்து நாற்பது பட்டைகளைப் பார்த்தேன். நாற்பதும் சரியாகக் காட்டின. அப்போது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. நீயும் பொய் சொல்லவில்லை, பட்டையும் பொய் சொல்லவில்லை என்றால் தப்பு எங்கே இருக்கிறது?

உன் வாயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பஞ்சாமிர்தத்தைப் பிசைந்த கை. எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்த கை. அந்தக் கையைக் குழாயில் கழுவினால் பிரசாதம் சாக்கடைக்குப் போகும் என்று நம் வீட்டில் யாரும் கழுவ மாட்டோம். தலையிலும் தோளிலும் தடவிக்கொண்டு, ஈரத்துண்டில் ஒற்றிக்கொண்டு வந்துவிடுவோம். கழுவியதற்காக நான் அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். நீ அப்படியே வீட்டுக்கு வந்து அதே விரலில் குத்துகிறாய். ரத்தம் அந்தத் தோல்மேல்தான் துளிர்க்கிறது. தோலில் ஒட்டியிருக்கிற தேனும் பழமும் ரத்தத்தோடு கலக்கிறது. பார்த்தால் தெரியாது, பிசுபிசுப்புக்கூட இருக்காது. ஆனால் அந்த நொதிக்குத் தெரிந்ததெல்லாம் குளுக்கோஸ்தான். அது ரத்தத்திலிருந்து வந்ததா, விரலிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

மத்தியானம் கேன்டீனில் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தேனில் பிசைந்தேன். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கையை ஈரத்துணியில் துடைத்துவிட்டுக் குத்தினேன். 329. சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி குத்தினேன். 98. எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது அண்ணா.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் வைக்கிற காகிதத்திலும் முதல் வரியே கையைக் கழுவு என்பதுதான். பதினெட்டு வருஷமாக அந்தக் காகிதத்தை மடித்து வைக்கிறேன், உன்னிடம் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. உன் ரத்தத்தில் இல்லாத சர்க்கரைக்கு உனக்கு ஊசி போடச் சொன்னேன். உடம்பு நடுங்கி உண்மையைச் சொன்னபோது அதை நம்பாதே என்றேன். உன் உயிரைக் காப்பாற்றியது ஏஞ்சலின் டீ, அதையும் குடிக்காதே என்றேன். அப்பாவுக்கு வந்ததை நினைத்துப் பயந்து பயந்து உன்னை நானே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கோயில் வேலை முடிந்ததும் ஏஞ்சலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் பார். வந்தபடியே ஒன்று. பிறகு ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கையைக் கழுவி அதைச் செடிக்கு ஊற்றிவிடு, சாக்கடைக்குப் போகாது. அதன் பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்து, வேறொரு விரலில் இன்னொன்று. ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் காட்டு. இனி எப்போது நடுங்கினாலும் எண் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்காதே, முதலில் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்.

நீ சொன்னதை நான் நம்பவில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அகிலா


காஞ்சிபுரம்
4.3.2025, செவ்வாய்

அன்புள்ள அகிலாவுக்கு,

கோயிலிலிருந்து வந்தபடியே: 364. கழுவிய பிறகு: 131.

ஏஞ்சல் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். "ஒரே ஆளு, அஞ்சு நிமிசத்துல ரெண்டு நம்பராண்ணா? அப்ப இத்தினி நாளா உங்க கைக்குத்தான் ஊசி போட்டுக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு முகம் மாறி வாசலில் போய் நின்றுகொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு செவ்வாய்க்கிழமை. முதல் தடவையும் லேசாகத் தலை சுற்றியது, உனக்கு எழுதவில்லை. ஒவ்வொரு தரமும் சாவுக்கு எவ்வளவு பக்கத்தில் போய்விட்டு வந்திருக்கிறேன் என்று காலண்டரை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டேன். பத்து யூனிட்டே போதும் என்றார். காலையும் பார்த்தார், ஒரு கோளாறும் இல்லை. இன்று பத்து போட்டுக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன். அம்சவேணிக்கும் நானே எழுதிவிட்டேன். திட்டு வந்துகொண்டிருக்கும்.

டப்பாவை ஏன் கொடுத்தாய் என்று கேட்டிருந்தாய். இப்போது சொல்கிறேன். நான் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் சாப்பிட்டதாக மெஷின் சொன்னது, நீயும் அதையே சொன்னாய். நீ படித்தவள், அதே வேலையில் இருப்பவள். இரண்டு வாரம் கழித்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாமலே என் கை எடுத்துத் தின்கிறதோ, தின்றதை நான் மறந்துவிடுகிறேனோ என்று. அந்தச் செவ்வாய்க்கிழமை அதற்காகத்தான் கையைக் கட்டிக்கொண்டேன். கோயிலிலிருந்து வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை நீட்டி, ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். கால் போய்விடும் என்ற பயத்தை உன்னிடம் எழுத முடிந்தது. புத்தி போய்விட்டதோ என்ற பயத்தை யாரிடம் எழுதுவது?

இன்று 131ஐப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் சாமி கும்பிட்டது இல்லை. எனக்குப் பைத்தியம் இல்லை என்று ஏஞ்சலிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆமாண்ணா என்றாள்.

மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டிருக்காதே. நீ பயத்தில் செய்தாய், நானும் பயத்தில்தான் செய்தேன். ஆனால் இனிமேல் என்மேல் உனக்குச் சந்தேகம் வந்தால் கடிதம் போடாதே. பஸ் ஏறி வந்து எதிரில் உட்கார். என் முகத்தை நன்றாகப் பார். அதற்குப் பிறகும் நான் பொய்யன் என்று தோன்றினால் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
மயில்வாகனம்